வேகம் போன ரயிலுக்கு வேஷம் கட்டிய கதை

தல்லாகுளம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லவே வேண்டாம். நிறத்துக்கு அர்த்தம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வந்து, தல்லாகுளம் பெருமாள் கோயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிய மாலையைச் சாத்திக்கொண்டு, வைகைக்குக் கிளம்புவார். அப்போது கூடியிருக்கும் ஜனம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்த வருஷம் என்ன கலர் பட்டு?" பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அதே அழகர், அதே தங்கக் குதிரை. ஆனால் பட்டின் நிறம் மாறினால் ஊரில் பேச்சே மாறிவிடும்.

ஜப்பானில் ஒரு ரயிலுக்கு இப்படித்தான் நடந்தது. அதே வண்டி, அதே தண்டவாளம். மேலே பூசிய நிறம் மட்டும் மாறியது. அதுவரை சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். பூசியது என்ன? ஒரு காமிக்ஸ் ரோபோவின் சட்டை!

இது சின்னப் பிள்ளை விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பின்னால் ஒரு பெரிய கணக்குப் புத்தகமே இருக்கிறது.

உலகத்தையே முந்திய வண்டி

ஜப்பானின் புல்லட் ரயில் (அவர்கள் பாஷையில் ஷின்கான்சென்) 1964 அக்டோபர் 1-ல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அப்போதே மணிக்கு 210 கிலோமீட்டர். 1975 மார்ச் 10-ல் பாதை மேற்கே ஹகாட்டா வரை நீண்டது. ஒசாகாவுக்கு மேற்கே உள்ள இந்தப் பகுதிக்கு சன்யோ பாதை என்று பெயர். சுமார் 554 கிலோமீட்டர். அதில் பாதிக்குப் பாதி சுரங்கம்.

சுரங்கத்தில் ஒரு தொந்தரவு உண்டு. ரயில் மிக வேகமாக உள்ளே நுழைந்தால் முன்னால் இருக்கும் காற்று அமுங்கி, அந்தப் பக்க வாசலில் வெடி வெடித்த மாதிரி சத்தம் கேட்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? இதற்கு வழி தேடிய பொறியாளர்களில் எய்ஜி நகாட்சு என்பவர் பறவைகளைப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர். மீன்கொத்தி தண்ணீருக்குள் பாயும்போது அவ்வளவாகத் தெறிப்பதில்லை. அதன் அலகைப் போலவே ரயிலின் மூக்கை வடிவமைத்தார்கள். மூக்கு மட்டும் 15 மீட்டர் நீளம்!

அப்படிப் பிறந்ததுதான் 500 வரிசை ரயில். 1997 மார்ச் 22-ல் ஓடத் தொடங்கியது. வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். ஜப்பானில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்த வேகத்தைத் தொட்ட முதல் வண்டி அதுதான். 'நொசோமி' (நம்பிக்கை என்று அர்த்தம்) என்ற பெயரில், ஒசாகாவிலிருந்து ஹகாட்டாவுக்கு 2 மணி 17 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கணக்கு உதைத்தது. செய்வதற்குச் செலவு அதிகம். குழாய் மாதிரி உருண்டை உடம்பு என்பதால் ஜன்னலோர சீட்டில் தலை இடிக்கிற மாதிரி இருக்கிறது என்று பயணிகள் குறைப்பட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், சீட்டுக் கணக்கு. மற்ற ரயில்களில் எந்தப் பெட்டியில் எத்தனை சீட்டோ, அதே அமைப்பு இதில் இல்லை. ஒரு வண்டி பழுதானால் அதற்குப் பதிலாக இன்னொன்றை மாற்றி விடுவது தலைவலி. அதனால் மொத்தம் 9 வண்டிகளோடு தயாரிப்பு நின்றது. 2007-ல் என்700 என்ற புதிய ரயில் வந்தது. 2010 பிப்ரவரியோடு 500 வரிசை நொசோமி சேவையிலிருந்து இறக்கப்பட்டது.

இறக்கிய வண்டிகளை என்ன செய்தார்கள்? 16 பெட்டி வண்டியை 8 பெட்டியாக வெட்டி, 'கொடாமா' (எதிரொலி) சேவைக்கு அனுப்பினார்கள். கொடாமா என்றால் எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் வண்டி. வேகமான ரயில்கள் தன்னைத் தாண்டிப் போகட்டும் என்று ஸ்டேஷன்களில் ஒதுங்கி நிற்கும் வண்டி. உலகத்தையே முந்திய ரயில், மற்ற ரயிலுக்கு வழிவிட்டு நிற்கிறது. இரண்டேகால் மணி நேரப் பயணம் நாலரை மணி நேரமாக நீண்டது.

வேகம்தான் அதன் பெருமை. அது போன பிறகு அந்த வண்டியில் விற்பதற்கு என்ன மிச்சம்? இந்தக் கேள்விக்குப் பதில், அதே நாட்டில், வேகமே இல்லாத இரண்டு குட்டி ரயில் பாதைகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

ஒற்றைக் கைக்காரரின் பேய்கள்

முதல் பாதை சக்காய் லைன். யோனாகோ என்ற ஊரிலிருந்து சக்காய்மினாட்டோ என்ற மீன்பிடித் துறைமுகம் வரை 17.9 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன், டீசல் வண்டி. அவ்வளவுதான்.

அந்தத் துறைமுகத்தில் வளர்ந்தவர் ஷிகெரு மிசுகி (1922–2015). சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன பேய்க் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவு ஒன்றில் ரபாவுல் பகுதிக்குச் சிப்பாயாக அனுப்பப்பட்டார். குண்டு வீச்சில் இடது கை போனது. ஊர் திரும்பி, மிச்சமிருந்த வலது கையால் படம் வரைந்து பிழைத்தார். பாட்டி சொன்ன பேய்கள்தான் கைகொடுத்தன. 'கிட்டாரோ' என்ற ஒற்றைக்கண் பேய்ப் பையன், அவனுடைய அப்பா (வெறும் ஒரு கண்ணுருண்டைதான் அப்பா!), எலி மனிதன், பூனைப் பெண் என்று ஒரு பட்டாளமே 1960-களில் ஜப்பான் முழுக்கப் பிரபலமானது.

1993-ல் சக்காய்மினாட்டோ ஊர்க்காரர்கள் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கடைத்தெருவுக்கு மிசுகி பெயரை வைத்து, பேய்களுக்கு 23 வெண்கலச் சிலை வைத்தார்கள். அதே வருடம் சக்காய் லைன் வண்டியில் கிட்டாரோ படம் வந்தது. பிறகு 16 ஸ்டேஷனுக்கும் ஆளுக்கொரு பேயின் பெயர் பட்டப்பெயராக வந்தது. சிலைகள் கூடிக்கூடி 2018-ல் 177 ஆனது. அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் ஏறும்போதே சுற்றுலா ஆரம்பித்துவிடுகிறது.

பசித்தவனுக்குத் தலையைக் கொடுத்தவன்

இரண்டாவது, ஷிகோக்கு தீவு. இங்கே கொஞ்சம் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் ரயில்வே அரசாங்கத்திடம் இருந்தது. கடன் ஏறி ஏறி சுமார் 37 லட்சம் கோடி யென் ஆனது. 1987 ஏப்ரல் 1-ல் அதைப் பிரித்தார்கள். பயணிகளுக்கு 6 கம்பெனி, சரக்குக்கு 1 கம்பெனி. டோக்கியோ, ஒசாகா பக்கம் கிடைத்தவர்களுக்குக் கொழுத்த பாதைகள். ஷிகோக்குவுக்குக் கிடைத்ததோ மலையும், குறைந்த ஜனத்தொகையும், போட்டிக்கு நெடுஞ்சாலை பஸ்ஸும். பாகப்பிரிவினையில் கடைசித் தம்பிக்கு வானம் பார்த்த பூமி விழுந்த கதைதான்.

அந்தத் தீவில் கோச்சி என்ற பகுதியில் வளர்ந்தவர் தகாஷி யனாசே (1919–2013). இவரும் போருக்குப் போனவர். சீனாவில் சிப்பாயாக இருந்தபோது பசி என்றால் என்ன என்று தெரிந்துகொண்டவர். போரில் தம்பியையும் பறிகொடுத்தவர். நீதி, நியாயம் என்று பெரிய வார்த்தை பேசுகிறவர்கள் நாளைக்கே மாறிப் பேசலாம், ஆனால் பசித்தவனுக்குச் சோறு போடுவது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் நல்ல காரியம்தான் என்பது அவர் எண்ணம். அதிலிருந்து பிறந்த கதாநாயகன்தான் 'அன்பன்மேன்'. தலையே ஒரு பன், உள்ளே இனிப்புப் பயறு பூரணம். யாராவது பசியோடு இருந்தால் தன் தலையைப் பிய்த்துத் தின்னக் கொடுப்பான்! 1973-ல் படப் புத்தகமாக வந்தது. 1988-ல் டிவிக்குப் போய், ஜப்பானில் பேசத் தொடங்கும் குழந்தைகளுக்கெல்லாம் தோழனாகிவிட்டது.

2000 அக்டோபரில் ஜே.ஆர். ஷிகோக்கு கம்பெனி, கோச்சிக்குப் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியில் அன்பன்மேன் கூட்டத்தைப் பூசி ஓட்டியது. பஸ்ஸா ரயிலா என்று வீட்டில் பேச்சு வந்தால், முடிவு செய்வது நாலு வயதுக் குழந்தை. அது எதைக் கேட்கும் என்று சொல்ல வேண்டுமா? 2002-ல் கோச்சி பக்கம் திறந்த கோமென்–நஹாரி லைனுக்காக, ஸ்டேஷனுக்கு ஒரு பாத்திரம் என்று யனாசேயே புதிதாக வரைந்து கொடுத்தார்.

மீன்கொத்திக்கு ஊதாச் சட்டை

இப்போது மறுபடியும் நம் 500 வரிசைக்கு வருவோம். அதை வைத்திருந்த ஜே.ஆர். மேற்கு கம்பெனிதான் சக்காய் லைனையும் நடத்துகிறது. பாடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

சின்னதாகத்தான் ஆரம்பித்தார்கள். 2009-ல் ஒரு கடைசிப் பெட்டியில் குழந்தைகள் உட்கார்ந்து விளையாட, நிஜம் மாதிரியே ஒரு டிரைவர் சீட். 2014-ல் ஒரு வண்டியின் முதல் பெட்டியில் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பொம்மை ரயில் விளையாடும் இடம். பெட்டியில் இடம் காலியாக இருந்ததால்தானே இது முடிந்தது? கூட்டம் பிதுங்கும் நொசோமியில் ஒரு சீட்டைக்கூடக் கழற்ற முடியாது.

2015-ல் இரண்டு விஷயம் ஒன்றுசேர்ந்தது. சன்யோ பாதைக்கு 40 வயது. 'எவாஞ்சலியன்' டிவி தொடருக்கு 20 வயது. ராட்சத ரோபோவுக்குள் ஏறி உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்றச் சொல்லி 14 வயதுப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் கதை அது. யோஷியுகி சடமோட்டோ வரைந்த காமிக்ஸ் 1994 கடைசியில் பத்திரிகையில் வரத் தொடங்கியது. டிவி தொடர் 1995 அக்டோபரில். அதை உருவாக்கிய ஹிடெயாகி அன்னோ பிறந்த ஊர் ஊபே. சன்யோ ரயில் கடந்து போகும் யாமகுச்சி மாகாணத்தில் உள்ள ஊர்! (2021-ல் வந்த கடைசி எவாஞ்சலியன் படம் முடிவதும் ஊபேயில் உள்ள ஒரு சின்ன ரயில் ஸ்டேஷனில்தான்.)

2015 நவம்பர் 7-ல் அந்த வண்டி வெளியே வந்தது. கதையில் வரும் முதலாம் எண் ரோபோவின் ஊதாவும் பச்சையும் உடம்பு முழுக்க. தொடருக்கு ரோபோ வடிவமைத்த இகுடோ யமாஷிடாவே ரயிலுக்கும் வடிவம் போட்டார், அன்னோ மேற்பார்வை. முதல் பெட்டியில் கண்காட்சியும், ஏறி உட்கார்ந்து பார்க்க ஒரு ரோபோ அறையும். இரண்டாவது பெட்டியில் சீட்டு, தரை எல்லாம் கதையின் பாணியில். தினம் ஒரே ஒரு முறை போய் வரும். அதே நாலரை மணி நேரக் கொடாமா சேவைதான். ஆனால் இப்போது அந்த நாலரை மணி நேரம் குறையாகத் தெரியவில்லை. மெதுவாகப் போனால்தானே எல்லாவற்றையும் பார்க்க முடியும்!

2017 மார்ச்சில் நிறுத்துவதாக இருந்தது. ஜனங்கள் விடவில்லை. 2018 மே 13 வரை நீட்டித்தார்கள். அதே வண்டிக்கு அடுத்த மாதமே, ஜூன் 30-ல், ரோஸ் நிறம் பூசி ஹலோ கிட்டி பூனை வந்தது. இது காமிக்ஸில் பிறந்ததல்ல, 1974-ல் ஒரு பரிசுப் பொருள் கம்பெனி உருவாக்கிய பூனை. ஆனால் முதல் பெட்டியில் வைத்தது மேற்கு ஜப்பான் ஊர்களின் பொருட்களை முறைவைத்து விற்கும் கடை. ரோபோவாக இருந்தாலும் பூனையாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். வழியில் உள்ள ஊர்களைப் பயணிக்கு நினைவுபடுத்துவது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்

மூன்று கதையிலும் பொதுவாக மூன்று விஷயம் இருப்பது தெரியும்.

ஒன்று, பாத்திரத்துக்கு அந்தப் பாதையில் ஓர் ஊர் இருந்தது. மிசுகிக்கு சக்காய்மினாட்டோ, யனாசேக்கு கோச்சி, அன்னோவுக்கு ஊபே. இரண்டு, பாத்திரத்துக்கு உரிமையாளர் பக்கத்திலேயே இருந்தார். கேட்டால் கொடுக்க ஆள் இருந்தது, வரைந்தவரே வந்து ரயிலுக்கும் வரைந்தார். மூன்று, ரயிலில் காலி இடம் இருந்தது. ஏற்கெனவே நிரம்பி வழியும் ரயிலுக்கு யாரும் வேஷம் கட்டுவதில்லை.

இதனால் எல்லா நஷ்டமும் லாபமாகிவிட்டதா என்றால், இல்லை. ஜே.ஆர். ஷிகோக்கு அன்பன்மேனை ஓட்டி இத்தனை வருடம் ஆகியும் ரயில் ஓட்டுவதில் நஷ்டத்தில்தான் இருக்கிறது. 500 வரிசை வண்டிகளுக்கு 2027 வாக்கில் ஓய்வு என்று ஜே.ஆர். மேற்கு அறிவித்துவிட்டது. பெயின்ட் ஒரு கம்பெனியைக் காப்பாற்றாது. ஆனால் ஒதுக்கப்பட்ட ஒரு வண்டியை ஜனங்கள் தேடி வந்து ஏறும்படி செய்யும். ஓரத்தில் கிடக்கும் ஊர் ஒன்றை வரைபடத்தில் காட்டிக் கொடுக்கும். அது சின்ன விஷயமல்ல.

இந்தப் பக்கம்

இந்திய ரயில்வேக்கும் ஒரு பொம்மை உண்டு. 'போலு' என்ற யானை, கார்டு உடையில், கையில் பச்சை விளக்கோடு. ரயில்வேயின் 150-வது ஆண்டுக்காக அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வரைந்தது. 2002 ஏப்ரல் 16-ல் பெங்களூரில் கர்நாடகா எக்ஸ்பிரஸுக்கு விளக்கு காட்டி அறிமுகமானது. 2003-ல் நிரந்தரச் சின்னமானது. உரிமை இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஆனால் போலுவுக்குக் கதை இல்லை! போலு யார், எந்த ஊர், என்ன குறும்பு செய்தான் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. கதை இல்லாத பாத்திரம் முத்திரையாகத்தான் நிற்கும்.

கதையோடு பூசிய ரயில் பீகாரில் கிடைத்தது. மதுபனி ஊரின் ஓவிய மரபு உலகப் பிரசித்தம். 2017-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் கூலி வாங்காமல் மதுபனி ஸ்டேஷன் சுவர்களில் வரைந்தார்கள். 2018-ல் தர்பங்காவிலிருந்து டெல்லி போகும் பீகார் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ் பெட்டிகளில் அதே ஓவியம் ஏறியது. வரைந்தவர்கள் அந்தப் பகுதிப் பெண்கள். அந்த வருடம் ரயில்வே நடத்திய அழகான ஸ்டேஷன் போட்டியில் மதுபனி இரண்டாம் பரிசு வாங்கியது. அந்த இரண்டாம் பரிசைப் பங்குபோட்டுக்கொண்ட இன்னொரு ஸ்டேஷன் எது தெரியுமா? மதுரை ஜங்ஷன்!

சுவரில் வரைந்து பரிசு வாங்கிய மதுரைக்கு வந்து போகும் வேக ரயில்கள் எப்படி இருக்கின்றன? 2019 மார்ச் 1-ல் தேஜஸ் வந்தது. 2023 செப்டம்பர் 24 முதல் நெல்லை–சென்னை வந்தே பாரத் மதுரை வழியாக ஓடுகிறது. 2024 ஆகஸ்ட் 31 முதல் மதுரை–பெங்களூர் வந்தே பாரத். செய்தது பெரம்பூரில், ஓடுவது வைகைக் கரையில். ஆனால் பெயர்ப் பலகையை மறைத்துவிட்டால் வாரணாசி வண்டிக்கும் மதுரை வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது.

சிவகாசி ஸ்டேஷன்

மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் விருதுநகரில் திரும்பியதும் வரும் பெரிய ஊர் சிவகாசி. பட்டாசும் காலண்டரும் எல்லோருக்கும் தெரியும். தமிழ் காமிக்ஸுக்கும் அதுதான் தலைநகரம். 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு அங்கேதான் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ். மாடஸ்டி பிளைசி, லக்கி லூக் என்று அப்பா காலத்துப் பிள்ளைகளைச் சாப்பாடு மறக்க வைத்த புத்தகங்கள் அந்த ஊர் அச்சு இயந்திரங்களில் பிறந்தவை.

அப்படியானால் செங்கோட்டை வண்டியில் இரும்புக்கை மாயாவியை வரையலாமா? இங்கேதான் அந்த இரண்டாவது விதி வந்து நிற்கிறது. மாயாவி பிரிட்டனில் 'வேலியன்ட்' பத்திரிகைக்காக 1962-ல் உருவானவர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. உரிமை 2018 முதல் ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. தமிழ்ப் பெயர் வைத்து, தமிழில் பேச வைத்து, அரை நூற்றாண்டாக வளர்த்தாலும், பத்திரத்தில் பெயர் வேறு. லக்கி லூக்கும் அப்படித்தான். வளர்த்த பாசம் உண்டு, பட்டா கிடையாது.

இந்த மண்ணில் பிறந்த பாத்திரம் இல்லவே இல்லையா? இருக்கிறார். சுப்பாண்டி! தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய நாட்டுப்புறக் கதைகளை வைத்து, 1983-ல் மும்பையின் 'டிங்கிள்' பத்திரிகையில் பிறந்தவர். ராம் வயீர்கர் வரைந்த அந்தக் குடுமிக்காரர் இந்தியா முழுக்கப் பிரபலமானார். ஆனால் அவரைத் தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்து சிரித்தவர்கள் எத்தனை பேர்? அவருக்கென்று இங்கே ஒரு தெருவும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை.

சக்காய்மினாட்டோ முதலில் ரயிலைக் கேட்கவில்லை. தன் ஊர்க்காரர் வரைந்தது என்ன என்று தெரிந்து வைத்திருந்தது, தெருவில் 23 சிலை வைத்தது. ரயில் தானாக வந்து சேர்ந்துகொண்டது. சிவகாசியில் ஐம்பது வருடத்துக்கு மேலாக காமிக்ஸ் அச்சாகிறது. ஸ்டேஷன் சுவரில் அதைச் சொல்ல யாருடைய உரிமையும் வாங்க வேண்டியதில்லை. ஒரு வாளி பெயின்ட் போதும்.

அதே பாதையில் சிவகாசிக்கு அடுத்த பெரிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து வருடா வருடம் ஒரு மாலை தல்லாகுளம் வந்து சேருகிறது. அது யாருடைய மாலை, எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கூட்டத்தில் நிற்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு ரயிலைப் பார்த்தும் இந்த ஊர்க் குழந்தை அப்படிச் சொல்ல முடிந்தால், எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ன?